வடவேங்கடத்தில் ஒரு வாரம்

சித்தூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது காலை பத்து மணிதான். வெயிலோ உச்சிப்பொழுதைத் தாண்டியிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது கோர்ட் கேஸ் இருக்கவேண்டும் என்றார் ஆட்டோ ஓட்டுநர், நல்ல தமிழில். கேஸ் எதுவும் இல்லை, சிநேகிதம்தான். வேலூரில் ஒரே விடுதியில் இருந்து, 2000த்தில் தமிழ் எம்.ஏ. முடித்த நான்கு பெண்கள், கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றாகச் சுற்றுவது என்று முடிவு செய்திருந்தோம். கணவர்களுக்கு அனுமதி இல்லை.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தவள் சித்தூர்க்காரி. மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். "ஜூன்ல தோத்தாபுரி லாரிங்க வரிசை கட்டிடும். அப்புறம் எனக்கு லீவே கிடையாதுடி" என்றாள். நம் பக்கம் கிளிமூக்கு என்கிறோமே, அந்த மாங்காய். சித்தூரில் அது கூழாகி, வெளிநாடு வரை போகிறது.

இன்டர்மீடியட் வரை தெலுங்கில் படித்துவிட்டு, தாத்தாவிடம் கற்ற தமிழ் எழுத்தை நம்பி எங்களோடு பி.ஏ. சேர்ந்தவள் அவள். கடைசிவரை முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்லும் இடம் வந்தால், "எங்க வீட்டுக்கு அந்தாண்டதான் எல்லை" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாள். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கோடு வேறு இடத்தில் விழுந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

அவளுடைய மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எங்களோடு சரளமாகத் தமிழ் பேசுகிறாள். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. முதல் நாள் இரவே ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். விடுதியிலிருந்து அவள் அம்மா தன் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்கள். "ஆன்ட்டி, நீங்க டிரான்ஸ்லேட்டர்தானே? இதைத் தெலுங்குல எழுதித் தர்றீங்களா?"

"அதுல ஒண்ணும் இல்ல" என்று அம்மா டின்னை மூடினாள்.

மறுநாள் காணிப்பாக்கம். பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியாத பிள்ளையார். பரீட்சைக்கு முந்தின நாள் சுவரேறிச் சினிமாவுக்குப் போனது யாருடைய யோசனை என்பதை இங்கேயே சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளலாம் என்றேன். மூவரும் மறுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை மதனப்பள்ளி. இது நான் கேட்டு வாங்கிய இடம். 1919 பிப்ரவரியில் தாகூர் இங்குள்ள பெசன்ட் தியாசபிகல் கல்லூரிக்கு வந்து தங்கினார். 'ஜன கண மன' பாடலை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அப்போதுதான். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் மனைவி மார்கரெட், அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். அந்த மொழிபெயர்ப்பு இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? வங்கச் சொற்களோ தமிழிலும் தெலுங்கிலும் அந்தந்த எழுத்தில் ஏறி, பள்ளிப் புத்தகங்களில் இருக்கின்றன. மொழிபெயர்த்துப் பிழைப்பவர்களின் கர்வம் சற்று அடங்கும் இடம்.

திரும்பும் வழியில் அவளே பேச்சை எடுத்தாள். கல்யாணம் வேண்டாம், எம்.ஃபில். படிக்கிறேன் என்று தாத்தாவிடம் மன்றாடிய கடிதங்கள் அவை. தாத்தா சம்மதித்தார். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. "சித்தூர்ல தமிழ் எம்.ஏ.வை வெச்சுக்கிட்டு எந்த வேலைக்குப் போறது? கம்ப்யூட்டர்ல கணக்குப் படிச்சுதான் சம்பாதிக்கிறேன். எனக்கே உதவாததை அவளுக்கு எதுக்குச் சொல்லித் தரணும்?" காரில் பதில் சொல்ல ஆளில்லை. எனக்குத் தமிழ்தான் சோறு போடுகிறது. ஆனால் நான் இருப்பது சென்னையில்.

அந்தச் சென்னைக்கே இந்தப் பக்கத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசில் இடம் கொடுத்த தாமர்ல நாயக்கர், விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்டவர். அந்த அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று சந்திரகிரி. வியாழனன்று அங்கே கோட்டைக்குள் ராஜமகால் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, இரவு திருப்பதியில் தங்கினோம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், தன் ஊர்க் கோயிலே அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது என்று அவளுக்குக் குறை.

வெள்ளியன்று திருமலை. கைபேசிகளை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நகர்ந்தோம். திருமலை திருப்பதிக் கோயில்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். பல்லவர் குலத்துச் சாமவை என்ற அரசி 966இல் வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் அவற்றில் உண்டு. சுவரோரம் வரிசை நின்றபோது மகள் கேட்டாள்: "இது என்ன எழுத்தும்மா?" அம்மா கல்லில் விரல் படாமல், காற்றில் கோடிட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். எம்.ஏ. வகுப்பில் படித்த கல்வெட்டு எழுத்து மறக்கவில்லை. ஒரு வரி முடியவில்லை. "ஜரகண்டி, ஜரகண்டி" என்று பின்னாலிருந்து நெரித்தார்கள். வெளியே வரும்வரை மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இரவு சித்தூர் மொட்டை மாடியில் மின்சாரம் இல்லை. எமர்ஜென்சி விளக்கு, நறுக்கிய மாம்பழம், பாய். யாரும் கேட்காமலே அவள் கீழே போய் அந்த டின்னை எடுத்துவந்தாள். பேச்சுத் தமிழ் தெரிந்த பெண்ணுக்கு என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் எதற்கு? படித்துக் காட்ட ஆள் இருந்தால் போதும். முதல் கடிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். எம்.ஃபில். பற்றிய வரி வந்தபோது குரல் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மகள் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தேன். அம்மாவின் தமிழ் வாக்கியங்கள் ஒரு சொல் மாறாமல், உருண்டை உருண்டையான தெலுங்கு எழுத்தில்.

"மெதுவாம்மா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லு."