யாருடைய குரல்?

‘வெட்டி ஒட்டியது’ என்று ஓர் எழுத்தைப் பற்றி யாராவது சொல்லிவிட்டால், அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை என்பது நமது இலக்கிய வட்டாரத்தில் எழுதப்படாத தீர்ப்பு. வகுப்பறையிலும் அப்படித்தான். பத்திரிகையில் வந்த ஒரு பந்தியை மாணவன் தன் ஒப்படைக்குள் தூக்கி வைத்தால் சிவப்புக் கோடு போடுவது ஆசிரியனின் கடமை. இருபது வருடங்களாக அந்தக் கோட்டைப் போட்டு வருபவன் நான். பிறருடைய பாடல்களை வெட்டி ஒட்டியே ஆக்கப்பட்ட ஓர் இசைத்தொகுப்பை என் மருமகன் கேட்கத் தந்தபோது எனக்கு முதலில் வந்தது இரசனை அல்ல, வாத்தியார்த்தனம்தான்.

“இதில இவர் செஞ்சது என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“அதத்தான் மாமா கேட்டுப் பாருங்களன்” என்றான்.

இசை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் இங்கே நான் இறங்கவில்லை. அது உலமாக்களுக்குரிய இடம். என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு கேள்வி.

தொகுப்பின் பெயர் ‘டோனட்ஸ்’. ஆக்கியவர் ஜே டில்லா. இயற்பெயர் ஜேம்ஸ் டிவிட் யான்சி. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர். 1974இல் பிறந்தவர். ஹிப் ஹொப் என்றால் வேகமாகப் பேசிப் பாடுவது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். இதில் அந்தப் பேச்சு இல்லை. பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகள் மாத்திரமே 31 உருப்படிகளாக அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் உருப்படிக்கு ‘முடிவுரை’ என்று பொருள்படும் பெயர். கடைசி உருப்படி முடியும் இடம் முதல் உருப்படியோடு போய்ப் பொருந்துகிறது. வட்டமான பலகாரத்தின் பெயரை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

2006 பெப்ரவரி 7ஆம் திகதி, தனது 32ஆவது பிறந்த நாளில், அவர் இதை வெளியிட்டார். மூன்றாம் நாள், பெப்ரவரி 10ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறந்துபோனார். இரத்தத்தைப் பாதிக்கும் அரிய நோயொன்றும் லூபஸ் நோயும் அவரை நெடுநாள் வாட்டியிருந்தன. மரணப் படுக்கையில், வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடியே முழுத் தொகுப்பையும் செய்தார் என்ற கதை உலகெங்கும் பரவியது. டான் சார்னஸ் என்பவர் 2022இல் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல், பெரும்பகுதி அதற்கு முன்னரே செய்யப்பட்டுவிட்டது என்று காட்டுகிறது. கண்ணீர் வரவழைக்கும் கதை என்பதற்காக ஓர் அறிவிப்பை ஏற்றுக்கொள்ளாத மரபில் வந்தவர்கள் நாம். எனக்கு இரண்டாவது டில்லாவையே பிடித்திருக்கிறது. சாவதற்காக அவசரப்பட்டு எதையும் செய்யாமல், வழக்கம்போல் தன் தொழிலைச் செய்துகொண்டிருந்த மனிதர் அவர்.

தொழில் என்ன? இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து இயந்திரத்தில் பதிந்து, அதை நறுக்கி, வேகத்தைக் கூட்டி அல்லது குறைத்து, மீண்டும் மீண்டும் சுழல விடுவது. ‘சாம்ப்ளிங்’ என்பார்கள். இந்த இயந்திரங்களில் தாளத்தைத் தானாகவே நேர்ப்படுத்தும் வசதி இருக்கிறது. டில்லா பல வேளைகளில் அதை ஒதுக்கிவிட்டுத் தன் விரல்களாலேயே தட்டினார். அதனால் அவருடைய தாளம் சற்றுப் பிந்தி, சற்று முந்தி, நடக்கும் மனிதனைப் போல் வருகிறது. கந்தூரியில் றபான் அடிக்கும் கையைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அவர் பயன்படுத்திய இயந்திரங்களில் ஒன்று இன்று வாஷிங்டனில், ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொகுப்பில் ‘அழாதே’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் உருப்படி உண்டு. தொடக்கத்தில் பழைய பாட்டொன்று ஏறக்குறைய அப்படியே ஒலிக்கிறது. ஒருவரின் அழுகையைப் பார்க்கத் தாங்காதவனின் பாட்டு. சிறிது நேரத்தில் டில்லா அதைத் துண்டு துண்டாக்குகிறார். சொற்கள் உடைந்து அசைகளாகின்றன. விம்மும்போது மனிதனால் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாதல்லவா? பாட்டு சொன்னதை வெட்டு செய்துகாட்டுகிறது. அவர் செய்தது என்ன என்ற என் கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்தது. அந்தக் குரல் யாருடையது?

தேடினேன். ‘த எஸ்கோர்ட்ஸ்’ என்ற குழு. நியூ ஜேர்சி மாநிலத்தின் ராஹ்வே சிறையில் கைதிகளாக இருந்தவர்கள் சேர்ந்து உருவாக்கியது. 1973இல் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தட்டு சிறைக்குள்ளேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டது. இதை அறிந்த பின்னர் அந்த விம்மல் எனக்கு வேறு விதமாகக் கேட்டது. பெயர் தெரிவது வெறும் தகவல் அல்ல. அது கேட்கும் காதையே மாற்றிவிடுகிறது.

அப்படியானால் பெயரைச் சொல்வதில் என்ன தடை? சட்டமும் ஒரு தடை என்பதுதான் விந்தை. 1991இல் நியூயோர்க் நீதிமன்றமொன்று, அனுமதியின்றித் துண்டெடுத்த ஒரு பாடகருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திருட்டைத் தடுக்கும் வேதக் கட்டளையோடு அந்தத் தீர்ப்பு தொடங்கியது. 2005இல் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விநாடி கிட்டார் ஒலிக்கும் அனுமதி வேண்டும் என்றது. வேறொரு நீதிமன்றம் 2016இல் அதற்கு மாறாகச் சொன்னது. துண்டுக்குப் பணம் கேட்பவர் பல வேளை பாடியவர் அல்ல, உரிமையை வாங்கி வைத்திருக்கும் கம்பனி. ஆகவே எடுத்தவர் வாயை மூடிக்கொள்கிறார். மூலத்தைச் சொன்னால் வழக்கு வரும், சொல்லாவிட்டால் தப்பலாம். உடைமையைக் காக்க வந்த சட்டம் பெயரை மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நமது மரபு இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் நன்னூல் படித்தபோது முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாட்டைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். முன்னோர் நூலின் வழி நடப்பது அங்கே குற்றமல்ல. அரபு இலக்கியத்தில் ‘தக்மீஸ்’ என்றொரு வடிவம் உண்டு. இன்னொரு கவிஞரின் ஈரடியை அப்படியே வைத்து, தன் மூன்று அடிகளை அதோடு சேர்த்து ஐந்தாக்குவது. இமாம் பூஸீரியின் புர்தாவுக்கு இவ்வாறு எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. காரணம், ஈரடி யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹதீஸ் கலையில் இஸ்னாத் இல்லாமல் பேச்சே இல்லை. பாட்டையும் ஹதீஸையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். யாரிடமிருந்து பெற்றாய் என்று கேட்கும் ஒழுங்கைத்தான் சொல்கிறேன்.

இந்த ஒழுங்கு எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வீட்டுக் காரணம் ஒன்றும் இருக்கிறது. என் மூத்தம்மா பாய் இழைக்கும்போது கவி சொல்லுவா. எழுத வாசிக்கத் தெரியாது, நூற்றுக்கணக்கில் கவி தெரியும். ஒரு முறை ஊருக்கு வந்த ஒருவர் இரண்டு பின்னேரம் திண்ணையில் இருந்து அவற்றை எழுதிக்கொண்டு போனார். சில வருடங்களின் பின் ஒரு தொகுப்பில் அவை அச்சாகின. சேகரித்தவர் பெயர் முன்னட்டையில் இருந்தது. பாடித் தந்தவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ‘கிராமத்துப் பெண்கள்’ என்று மாத்திரம் முன்னுரையில் ஒரு வரி. மூத்தம்மா அதைப் பார்க்காமலே மௌத்தாகிவிட்டா. பார்த்திருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டா, “கவி ஆர்ர சொத்து மகன்?” என்றுதான் கேட்டிருப்பா. கோபம் எனக்குத்தான்.

டில்லாவின் விடயத்தில் கேட்பவர்கள் அந்தக் கடனைத் தீர்த்து வருகிறார்கள். அவர் சொல்லாமல் விட்ட மூலங்களை இரசிகர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அறுந்த சங்கிலியைப் பின்னோக்கிக் கோத்திருக்கிறார்கள். இசைத்தட்டு உலகில் எங்கோ ஒரு பிரதி கிடக்கும், தேடினால் அகப்படும். நமது பெண்களின் கவி எந்தத் தட்டிலும் பதியப்படவில்லை. பாடியவர் மௌத்தானால் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. எடுக்கலாம், வெட்டலாம், புதிதாகக் கோக்கலாம். ஆனால் எடுத்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பாடசாலையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்தத் தவணையில் கவி சேகரிக்கிறார்கள். கொப்பியில் மூன்று நிரல்கள் போடச் சொல்லியிருக்கிறேன். முதலாவது பாடியவர் பெயர். இரண்டாவது அவர் யாரிடம் கேட்டுப் பழகினார் என்பது. கவி மூன்றாவது நிரலில்.