அமால்பிக் கடற்கரையில் ஒரு பகல்

இத்தாலி தேசத்துக்கு யாத்திரை போகிறவர்கள் ரோமாபுரியின் இடிந்த மண்டபங்களையும் வெனிஸ் நகரத்து நீர் வீதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நேப்பிள்ஸுக்குத் தெற்கே இன்னும் ஒரு நாளைச் செலவிட மனம் வந்தால், மலையும் கடலும் நெருங்கி நிற்கும் அமால்பிக் கரையைக் காணலாம். நானும் என் மனைவியும் ஸொரெண்டோவில் காலையில் மோட்டார் ஏறினோம்.

வண்டியோட்டியும் வழிகாட்டியும் ஒருவரே. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர். ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையை வீசிச் சரித்திரம் சொல்லும் வல்லமை அவருக்கு இருந்தது. சரித்திரம் சுவாரசியமாகும் போதெல்லாம் என் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். பாதை அப்படிப்பட்டது! 19-ஆம் நூற்றாண்டில் பூர்பன் அரசர்கள் காலத்தில் பாறையை வெட்டி அமைத்த சாலை. ஒரு பக்கம் செங்குத்தான மலை. மறு பக்கம் சிறு கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் ஆகாசமும் சமுத்திரமுந்தான். எதிரே பஸ் வந்துவிட்டால் யார் பின்வாங்குவது என்பதைத் தீர்மானிக்க ஒரு சிறு மகாநாடே நடக்கும். நெரிசல் தாங்காமல், கூட்டம் மிகுந்த நாட்களில் வெளியூர் வண்டிகள் ஒற்றை எண், இரட்டை எண் என்று முறை வைத்தே வரவேண்டும் என 2022-ல் விதி செய்தார்கள்.

பாஸிடானோ கிராமம் தென்பட்டது. நவராத்திரிக் கொலுவில் படிப்படியாகப் பொம்மை வைத்தாற்போல், மலைச்சரிவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வீடுகள். நாங்கள் அதைக் கண்டு மெய்ம்மறந்து நிற்கையில் வழிகாட்டி, “வீடுகளை எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றுக்கு மேலே பாருங்கள்” என்றார்.

மேலே, மலை முழுவதும் குறுகிய படிகளாக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு படியையும் ஒரு கற்சுவர் தாங்கி நின்றது. சுண்ணாம்போ காரையோ சேர்க்காமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் அவை. மழை நீர் கல்லிடுக்குகளின் வழியே கசிந்து இறங்கிவிடும். மண் தங்கி நிற்கும். அந்தப் படிகளிலே, செஸ்ட்நட் மரக் கழிகளால் போட்ட பந்தலின் கீழ் எலுமிச்சை விளைகிறது. நம் ஊர்ப் பழத்தைப் போலன்றி நீண்டு, பருத்து, தடித்த தோலும் நறுமணமும் உடைய பழம்.

அமால்பி நகரில் இறங்கினோம். ஒரு காலத்தில் இது கடல் வாணிபத்தால் செழித்த குடியரசு. 11-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் வார்த்த வெண்கலக் கதவுகள் அதன் தேவாலயத்தில் இன்றும் உள்ளன. 1343-ல் பொங்கிய கடல் துறைமுகப் பகுதியை அழித்தது. நகரத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்தாக்கில் ஓடையின் வேகத்தைக் கொண்டு ஆலைகளை ஓட்டி, பழந்துணிக் கூழிலிருந்து காகிதம் செய்து வந்தார்கள்.

பிற்பகலில் ராவெல்லோவுக்கு ஏறினோம். கடலுக்கு 350 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். 1880-ல் இங்குள்ள ரூபோலோ மாளிகைத் தோட்டத்தைக் கண்ட சங்கீத மேதை வாக்னர், தம் நாடகத்துக்குரிய மாயத் தோட்டம் அகப்பட்டுவிட்டதாக மகிழ்ந்தாராம். நாங்கள் அங்கிருந்து கீழே மினோரி, மயோரி ஊர்களைப் பார்த்தோம். அவ்விரண்டுக்கும் இடையே படிக்கட்டுப் பாதை ஒன்று செல்கிறது. அந்நாளில் சுமார் 50 கிலோ எடையுள்ள எலுமிச்சைக் கூடைகளைப் பெண்கள் முதுகில் சுமந்து இத்தகைய படிகளில் இறங்கிக் கடற்கரையில் சேர்ப்பார்களாம். அவர்களுக்குச் ‘சிற்றெறும்புகள்’ என்று பெயர். “என் பாட்டியும் ஓர் எறும்புதான்” என்றார் வழிகாட்டி. இம்முறை அவர் கையை வீசவில்லை.

சரிவில் ஓரிடத்தில் பந்தல் இல்லை; புதர் மண்டியிருந்தது; சுவர் வயிறு தள்ளி நின்றது. அது யாருடையது என்று விசாரித்தேன். உரியவரின் பிள்ளைகள் நகரத்தில் உத்தியோகத்தில் இருக்கிறார்களாம். ஒரு சுவர் சரிந்தால் அதன் மண்ணும் நீரும் கீழ்ச் சுவரின்மேல் பாயும். பிறகு அதற்கும் கீழே. செங்குத்தான இந்த மலைகளில் பெருமழை வந்தால் என்ன ஆகும் என்பதை அவ்வூரார் அறிவார்கள். 1954 அக்டோபரில் ஸலெர்னோவிலும் இக்கரையின் ஊர்களிலும் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்து 300-க்கும் மேற்பட்டோரை மாய்த்தன. 2010-ல் அமால்பிக்கு அடுத்த அத்ரானியில் ஓடை பெருகித் தெருவின் வழியே பாய்ந்து ஓர் இளம்பெண்ணைக் கொண்டுபோயிற்று.

இக்கரையை 1997-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், காரையில்லாச் சுவர் கட்டும் கலையை 2018-ல் மனித குலத்தின் பாரம்பரியமாகவும் யுனெஸ்கோ ஏற்றது. கௌரவந்தான். ஆனால் கௌரவம் கல் சுமக்காது. “உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் பணம் சாலையோரத்து ஹோட்டல்களோடு நின்றுவிடுகிறது, சுவர் வரையில் ஏறுவதில்லை” என்றார் வழிகாட்டி, சற்றும் கோபமின்றி. அவருக்கும் மூன்று படி நிலம் உண்டு. கோடையில் வண்டி ஓட்டுகிறார். குளிர்காலத்தில் மழை சரித்த கற்களை எடுத்து மறுபடி அடுக்குகிறார். அவருடைய மகனுக்கு அந்த வேலை தெரியாது.

இயற்கையின் அழகு என்று நாம் வியந்த காட்சியில் பாதி, பெயர் தெரியாத குடியானவர்களின் கைவேலை. அதைப் பார்க்க வருஷந்தோறும் மனிதர்கள் திரள்திரளாக வருகிறார்கள். அந்தக் கல்லை எடுத்து வைக்கும் கைகளோ வருஷந்தோறும் குறைந்து வருகின்றன.