எண்ணூரில் ஒத்திவைக்கப்பட்ட வகுப்புகள்

2023 டிசம்பர் 12

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிவிட்டதால், 2.5 மைக்ரானுக்கும் சிறியவையாய் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களைப் பற்றிச் சிறுவர்களுக்கு நடத்தவிருந்த வகுப்புகளை ஆய்வாளர் ஒருவர் ஒத்திவைக்க நேர்ந்தது.

டிசம்பர் 14

மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளுகின்றனர். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து ஆவியாகும் பென்சீன் நெடுங்காலம் உடலுக்குள் சென்றுகொண்டிருந்தால் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதால், வெறுங்கையால் அள்ள வேண்டாம் என ஆய்வாளர் படகுதோறும் எடுத்துரைத்தார். “நாங்க அள்ளாம விட்டா யாரு மேடம் அள்ளுவா?” என்று ஒருவர் கேட்டார்; ஆய்வாளரின் துண்டறிக்கையில் அதற்கு விடையில்லை.

டிசம்பர் 17

உடையிலிருந்து எண்ணெய் நெடி போகவில்லை.

டிசம்பர் 27

நேற்று நள்ளிரவையொட்டிப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் கண்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டுள்ளனர். இவ்வாயு கண், தொண்டை ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து காரமாகி அவற்றை அரிப்பது. நீரில் எளிதில் கரையும் அதே இயல்பினால்தான் நனைந்த துணி அதை ஓரளவேனும் தடுக்கிறது. மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் பேரப்பிள்ளைகளின் முகத்தில் ஈரத்துணியைப் போர்த்தி, காற்றடிக்கும் திக்குக்குக் குறுக்காக அழைத்துச் சென்றிருக்கிறார். யார் சொல்லித் தந்தது என்று வினவியதற்கு, “கண்ணு எரிஞ்சா தண்ணி வைக்கிறதுக்கு யாரும்மா சொல்லித் தரணும்?” என்றார். ‘விழிப்புணர்வு குறைவு’ என்ற கட்டத்தில் குறியிடும் படிவம் ஆய்வாளரின் பையிலேயே இருந்தது.

டிசம்பர் 30

போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-இல் இயற்றப்பட்ட விதிகள், அபாய வேதிப்பொருள்களைப் பெருமளவில் கையாளும் ஆலைகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு அபாயத்தின் தன்மையையும் காப்புமுறைகளையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கின்றன. சமூகக் கல்வி என்ற பெயரில் உதவித்தொகை பெற்றுச் செய்யப்படும் பணியில் ஒரு பகுதி, ஆகவே, வேறொருவரின் சட்டக் கடமை. இரவெல்லாம் இதை எண்ணிச் சினந்த ஆய்வாளர், காலையில் படிவங்களை வரிசைப்படுத்தினார்.

2024 ஜனவரி 4

மீன் விற்கவில்லை, யாரும் பேச விரும்பவில்லை.

ஜனவரி 11

மீண்டும் நடந்த முதல் வகுப்பில், அபாயச் சங்கு எங்கே இருக்கிறது, அதை யார் ஊதுவார் என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். கேள்வி அப்படியே உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஆய்வேட்டில் இக்கேள்விக்கு இடமில்லை என்று ஆய்வு வழிகாட்டி கருதுகிறார். நுண்துகள் அளவீடு பொங்கல் விடுமுறைக்குப் பின் தொடங்கும்.