சாவ்தான்

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். கூடத்துச் சுவரில் 1971 போர் மெடல்கள். அதற்குக் கீழே கைப்பிடி இல்லாத நாற்காலியில் ஹவில்தார், வயது 76. எதிரே டிரங்குப் பெட்டி மேல் சொம்பில் சாய்த்து வைத்த செல்போன். திரையில் டாக்டரம்மா. ராணுவத்தினருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 2021 மே மாதம் வந்த, வீடியோவில் டாக்டரிடம் பேசும் 'செஹத்' சேவை. பிரஷர் மாத்திரைக்காகத்தான் பேச உட்கார்ந்தார்.

"ஒரு வருஷத்துல எப்பவாவது கீழ விழுந்தீங்களா சார்?"

"இல்ல மேடம்."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "பொங்கலுக்கு முன்னாடி பாத்ரூம்ல விழுந்தீங்களே?"

"அது விழல. வழுக்கிச்சு."

கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறதென்று பார்க்கச் சொன்னார் டாக்டர். அவர் வயது ஆண்களுக்குப் பதினொன்றாவது வர வேண்டும். நாலு வரை மிடுக்கு. ஐந்தாவதில் வலது கை நழுவி இறங்கித் தொடையை ஊன்றியது. கை ஊன்றினால் மொத்தமும் பூஜ்யம். டாக்டர் அதை உரக்கச் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

"பாதத்தைச் சேர்த்து வச்சு நில்லுங்க சார்."

சாவ்தான்! பரேடில் 'அட்டென்ஷன்' கட்டளை கேட்டதுபோல் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. அப்படியே மணிக்கணக்கில் நிற்பார் போலிருந்தது. அடுத்து, ஒரு குதிகாலுக்குப் பின்னால் மறு கால் விரல்கள் தொட, ஒரே கோட்டில் 10 விநாடி. எந்தப் பரேடிலும் இல்லாத நிலை. கால் விரல்கள் தரையைப் பிறாண்டின. கணுக்கால் ஆடியது. நாலாவது விநாடியில் கை சுவரைத் தேடியது. பூண்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மனைவி எப்போது அவர் முதுகுப்பக்கம் வந்து நின்றாரோ, தெரியவில்லை. தொடவில்லை.

"பாத்ரூமைக் காட்டுங்கம்மா."

ஆஸ்பத்திரிக்கே போயிருந்தால் இதைக் காட்டியிருக்க முடியாது. செல்போன் வீட்டைச் சுற்றியது: ஓரம் சுருண்ட மிதியடி, அரையடி உயர நிலைப்படி, எரியாத பல்பு, சோப்புத் தண்ணீர் தேங்கிய டைல்ஸ். பிறகு மாத்திரை அட்டைகள். பிரஷர் மாத்திரைகளுக்கு நடுவே தூக்க மாத்திரை ஒன்று. அதை இன்னும் கிட்டக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார் டாக்டர். ராத்திரியில் சட்டென்று எழுந்து நடக்கக் கூடாது, கட்டிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றார்.

"பாத்ரூம் சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி வைக்கணும் சார்."

"எனக்கெதுக்கு மேடம்? வேணும்னா இவளுக்கு வைக்கலாம்."

"சரி, அம்மாவுக்குன்னே வைங்க."

மனைவி கொத்தனார் பெயரைச் சொல்லி, சாயங்காலமே வரச் சொல்லட்டுமா என்றார்.

"டைல்ஸ் உடையாம போடணும்னு சொல்லு" என்றார் ஹவில்தார்.