அழற்சி என்று எழுதும் முன்

தோல் பயாப்ஸி படித்துப் பழகிய கண்ணோடு குடல் பயாப்ஸியின் முன் உட்கார்ந்தால் எல்லாமே நோயாகத் தெரியும். தோலின் அடியில் லிம்ஃபோசைட்டுகள் கூட்டமாக நின்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். குடலில் அவை நிற்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். எங்கள் துறைக்கு வரும் முதுகலை மாணவர்கள் எல்லோரும் முதல் சில வாரங்களில், சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தையும் அதன் உள்வரிக்கு அடியில் உள்ள லாமினா ப்ராப்ரியா திசுவையும் பார்த்துவிட்டு, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"மேடம், லாமினா ப்ராப்ரியா முழுக்க பிளாஸ்மா செல். க்ரானிக் டியோடினைட்டிஸ்னு போட்டுடவா?"

"பிளாஸ்மா செல்லே இல்லாத டியோடினம் ஒண்ணு கொண்டு வாங்க, பார்க்கலாம்."

இது கேலி அல்ல. குடலின் சளிச்சவ்வில் நோய் எதிர்ப்பு எப்படி நடக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே காவல் எப்போதும் நிற்கிறது. ஆனால் பெரும்பாலும் அடிதடி இல்லை. நிற்பதற்கும் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

காவல் காக்க வேண்டிய பரப்பு பெரிது. வயதுவந்த ஒருவரின் தோல் ஏறக்குறைய 2 சதுர மீட்டர். குடலின் உட்பரப்பு 200, 300 சதுர மீட்டர் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2014இல் ஸ்வீடனில் ஹெலாண்டரும் ஃபாண்ட்ரிக்ஸும் மறுபடி கணக்கிட்டு, வாய் முதல் ஆசனவாய் வரை சராசரி 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். குறைந்தாலும் தோலைப் போலப் பதினைந்து மடங்கு. தோலுக்குப் பல அடுக்குகளும் மேலே காய்ந்த கெரட்டினும் இருக்கின்றன. குடலுக்கு இருப்பதோ ஒற்றை அடுக்கு எபிதீலியம். அதுவும் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைப்பது. சாப்பாட்டுச் சத்து உள்ளே போக வேண்டும் என்றால் சுவரைத் தடிப்பாகக் கட்ட முடியாது. அதனால் பாதுகாப்பைச் சுவருக்கு வெளியிலும் அடியிலும் வைக்க வேண்டியிருக்கிறது.

எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஃபார்மலின் பாட்டிலுக்குள் சுருண்டு கிடக்கும் அதை எந்தப் பக்கம் மேலே வைத்து மெழுகில் பதிக்கிறோம் என்பதில் பாதி நோயறிதல் முடிந்துவிடும். சரிந்து வெட்டினால் நீளமான குடலுறிஞ்சிகள் குட்டையாகத் தெரியும். இல்லாத சீலியாக் நோய் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். மே மாதத்தில் மெழுகு இளகும். டெக்னீசியன்கள் பிளாக்கை ஐஸ் மேல் வைத்து வைத்து, மூன்று நான்கு மைக்ரான் தடிப்பில் சீவுவார்கள். ரிப்போர்ட்டில் அவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்லைடை வைத்ததும் முதலில் சின்ன லென்ஸில் குடலுறிஞ்சிகளின் உயரத்தைப் பார்க்கிறேன். அடியில் உள்ள கிரிப்ட் குழியைப் போல மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. பிறகு எபிதீலியத்துக்குள்ளேயே செருகி உட்கார்ந்திருக்கும் லிம்ஃபோசைட்டுகளை எண்ணுவேன். நூறு எபிதீலிய செல்களுக்கு 25 வரை இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் போன்றவை இவை. சும்மா இருப்பதாகத் தோன்றும். ஆனால் கிருமி புகுந்த எபிதீலிய செல்லை அங்கேயே கொன்று அப்புறப்படுத்தும் திறமை இவற்றுக்கு உண்டு. எண்ணிக்கை கூடி, அதிலும் குடலுறிஞ்சியின் நுனியில் கூடினால், கோதுமைப் புரதமான குளூட்டன் நினைவுக்கு வரும். கேடு செய்யாத அந்த உணவைக் குடல் எதிரியாக எண்ணிவிடுவதுதான் சீலியாக் நோய். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவராகவும் சீலியாக் நோய் இருப்பது தெரிந்தது. கோதுமை குறைவாகச் சாப்பிடும் ஊரில் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கும் எனக்கு, எண்ணிக்கை கூடியதுமே அந்தப் பெயரை எழுதக் கை வராது. ஹெலிகோபேக்டர் கிருமியா, வலி மாத்திரையா, அண்மையில் வந்துபோன வயிற்றுப்போக்கா என்றுதான் முதலில் கேட்பேன்.

அடுத்து பிளாஸ்மா செல்கள். உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கி, கடிகார முகம் போன்ற புள்ளிகளோடு இருக்கும் இந்த செல்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. உடலில் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையிலோ மண்ணீரலிலோ இல்லை. குடல் சுவரில் இருக்கிறது. அவை சுரப்பதில் பெரும்பங்கு ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள். 1959இல் பெல்ஜியத்தின் ஜோசப் ஹெரமன்ஸ் இதை ரத்தத்தில் தனியாக அடையாளம் கண்டார். உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் இதன் தனி வடிவம் இருப்பதை 1960களில் அமெரிக்காவில் தாமஸ் டொமாசியும் உடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். ஒரு நாளைக்கு 3 கிராமுக்குக் குறையாமல் இதைக் குடலுக்குள் ஊற்றுகிறோம்.

ஊற்றும் விதமும் விசேஷமானது. இரண்டிரண்டாகக் கோத்த ஐஜிஏவை எபிதீலிய செல் தன் அடிப்பக்கத்தில் பிடித்து, உள்ளே சுமந்துபோய், மேல்பக்கம் இறக்கிவிடுகிறது. சுமந்த ஏற்பியின் ஒரு துண்டு அதோடு ஒட்டிக்கொண்டே போய்விடும். செரிமான நொதிகள் ஐஜிஏவை அரித்துவிடாமல் காப்பது அந்தத் துண்டுதான். வெளியே போன ஐஜிஏ கிருமியையும் நச்சையும் சுற்றிப் பிடித்துக் கட்டியாக்கி, சளியில் சிக்கவைத்து, மலத்தோடு அனுப்பிவிடும். ரத்தத்தில் உள்ள ஐஜிஜி மாதிரி அழற்சியைக் கிளப்பிவிடுவதில்லை. ஒற்றை அடுக்குச் சுவருக்குப் பக்கத்தில் தினமும் வெடி வெடித்தால் சுவர் நிற்காது அல்லவா?

மாணவர்களிடம் கேட்கும் அந்த டியோடினம் ஒரு நாள் நிஜமாகவே வந்தது. இருபதுகளில் இருந்த ஒரு இளைஞர். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை குறைவு. குடலுறிஞ்சிகளுக்கு இடையே பேரிக்காய் வடிவ ஜியார்டியாக்கள் தெரிந்தன. மாணவி கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ரிப்போர்ட்டை எழுதவே தொடங்கிவிட்டார். நோய்க்கிருமி கிடைத்துவிட்டது, மருந்தும் இருக்கிறது. ஆனால் லாமினா ப்ராப்ரியா விசித்திரமாக வெளிறி இருந்தது. பெரிய லென்ஸில் ஒவ்வொரு புலமாகத் தேடியும் ஒரு பிளாஸ்மா செல்கூட இல்லை. ஜியார்டியாவோடு, "ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கவும்" என்றும் எழுதி, மருத்துவரைப் போனில் கூப்பிட்டோம். சிறுவயதிலிருந்தே சைனஸ் தொல்லையும் இரண்டு முறை நிமோனியாவும் இருந்ததாக அப்போதுதான் தெரிந்தது. இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்பொருள், அளவுகள் எல்லாமே தரைமட்டம். மூக்கு, நுரையீரல், குடல் என்று மூன்று நிபுணர்கள் தனித்தனியே பார்த்துவந்த தொல்லைகளுக்கு ஒரே காரணம். இருப்பதைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம். இல்லாததைப் பார்க்க வைப்பதற்குத்தான் நாளாகிறது.

இல்லாதது என்றதும் சளியைச் சொல்ல வேண்டும். பெருங்குடல் ஸ்லைடில் எபிதீலியத்துக்கு மேலே வெறும் வெள்ளையாக ஓர் இடம் இருக்கும். பல தலைமுறை நோயியல் மருத்துவர்கள் அதை வெற்றிடம் என்றே கடந்துபோனோம். உண்மையில் அங்கேதான் சளி இருந்தது. நாங்கள் வழக்கமாகப் போடும் ஃபார்மலினில் தண்ணீர் உண்டு. சளி அதில் சுருங்கிக் கழுவிப் போய்விடும். ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம் சேர்ந்த, தண்ணீரே இல்லாத கார்னாய் கரைசலில் பதப்படுத்தினால் சளி நிற்கும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு, புதுமை ஒன்றுமில்லை. 2008இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மாலின் ஜோஹான்சன், குன்னர் ஹான்சன் குழு இந்த முறையில் எலியின் பெருங்குடலைப் பார்த்தபோது சளியில் இரண்டு அடுக்குகள் தெரிந்தன. வெளி அடுக்கில் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. எபிதீலியத்தை ஒட்டிய உள் அடுக்கில் ஏறக்குறைய ஒன்றுகூட இல்லை. இந்தச் சளிக்கான மூலப்பொருள் மியூக் 2 என்னும் புரதம். அதைச் சுரப்பவை கோப்பை செல்கள். இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும் எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாக வருகிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ரிப்போர்ட்டில் "கோப்பை செல்களில் சளி குறைந்துள்ளது" என்று சடங்காக எழுதிவந்த வரிக்கு இப்படிப் பின்னால் வந்து அர்த்தம் சேர்ந்தது. சிறுகுடலில் சளி இவ்வளவு கெட்டியில்லை. அங்கே கிரிப்ட்டின் அடியில் சிவந்த மணிகளோடு இருக்கும் பானெத் செல்கள் கிருமிகொல்லிப் புரதங்களைக் கசியவிட்டு ஈடுகட்டுகின்றன.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பெயர் திட்டுகள் உண்டு. 1677இல் ஸ்விட்சர்லாந்தின் யோஹான் பெயர் விவரித்தவை. இந்தத் திட்டுகளின் மேல் உள்ள எம் செல்கள், குடலில் போவதில் கொஞ்சத்தை மாதிரி பார்க்கவென்று உள்ளே இழுத்து லிம்ஃபோசைட்டுகளிடம் கொடுக்கும். இந்த வாசலைத்தான் டைஃபாய்டு கிருமி பயன்படுத்திக்கொள்கிறது. டைஃபாய்டு புண் குடலின் நீளவாக்கில், டிபி புண் குறுக்குவாக்கில் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த எல்லோரும், பெயர் திட்டு நீளவாக்கில் இருப்பதுதான் காரணம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி எங்கள் தொழிலின் சங்கடத்துக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் உள்ள "நார்மல்" குடல் யாருடையது? 1960, 70களில் வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும், நோயே இல்லாத நம் ஊர்க்காரர்களின் சிறுகுடலைப் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் மேற்கத்தியர்களுடையதைவிடக் குட்டையாகவும் அகலமாகவும், அடியில் செல்கள் அதிகமாகவும் இருந்தன. குடிக்கும் தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள கிருமிகளோடு ஓயாமல் மல்லுக்கட்டும் குடல் அப்படித்தான் இருக்கும்.

இது ஸ்லைடோடு நிற்கும் விஷயம் அல்ல. போலியோ சொட்டு மருந்து வேலை செய்ய வேண்டிய இடமும் இதே சளிச்சவ்வுதான். மேலை நாடுகளில் மூன்று தவணை போதுமானதாக இருக்க, அதே மூன்று தவணைக்குப் பிறகும் நம் குழந்தைகள் பலருக்குப் பாதுகாப்பு வரவில்லை என்று அதே வேலூரிலிருந்து டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே சொன்னார். கூடுதல் தவணைகள் வேண்டும் என்று வாதாடினார். பிறகு ஊர் ஊராக எத்தனை முறை சொட்டு மருந்து முகாம் நடந்தது என்பது இங்கே குழந்தை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். இந்தியாவின் கடைசிக் காட்டு வைரஸ் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். சொட்டு மருந்து முன்பே பெற்ற குழந்தைக்கு ஒரு போலியோ ஊசி போட்டால் குடலின் எதிர்ப்பு மறுபடி விழித்துக்கொள்கிறது என்பதை 2014இல் வேலூரிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்த ஆய்வுகள் காட்டின. கையில் குத்தும் ஊசி குடல் வரை பேசும், ஆனால் குடல் ஏற்கெனவே அந்த வைரஸைச் சந்தித்திருந்தால் மட்டும்.

ஸ்லைடுக்குத் திரும்புகிறேன். எது நார்மல் என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், எண்டோஸ்கோப்பி செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டியோடினத்தின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டுகள் அனுப்புங்கள். பல்ப் பகுதித் துண்டைத் தனி பாட்டிலில் போடுங்கள். அங்கே பிரன்னர் சுரப்பிகள் குடலுறிஞ்சிகளைத் தட்டையாக்கி எங்களை ஏமாற்றும். படிவத்தில் "வயிற்று வலி" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாமல் வயது, எடை, மாத்திரைகள், முன்பு வந்த தொற்றுகள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

உங்கள் கையில் "லேசான நாள்பட்ட அழற்சி" என்று ஒரு ரிப்போர்ட் இருந்தால், அந்த ஒரு வரியை இணையத்தில் தேடிப் பயந்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டாம். குடலுறிஞ்சிகளின் உயரம், எபிதீலியத்துக்குள் உள்ள லிம்ஃபோசைட் எண்ணிக்கை, பிளாஸ்மா செல்கள், ஒட்டுண்ணி ஆகியவை பற்றி அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், ரிப்போர்ட் கொடுத்தவரோடு ஒருமுறை பேசச் சொல்லி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஸ்லைடு எங்களிடம்தான் இருக்கும். மறுபடி எடுத்து வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.