'தமிழ்' என்றால் 3, 5, 15



'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லிவிடும். பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. 'மி'யின் மேல்விலங்கையும் 'ழ்'இன் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். அதையே யூடிஎஃப்-8 முறையில் நெட்வொர்க்கில் அனுப்பினால் 15 பைட். மூன்றுமே சரியான விடைகள்தாம். எதை எங்கே சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இரண்டு லேப்டாப்களுக்கு நடுவே செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்தான். ஆங்கிலச் செய்தி ஒழுங்காகப் போனது. 'தமிழ்' என்று அனுப்பினால் ஒரு 'த', கேள்விக்குறி போட்ட ஒரு கட்டம், அதோடு சரி. அதன்பின் எதுவுமே வரவில்லை.

"தமிழ் இதுக்குச் சரிப்படாது சார், இங்கிலீஷிலேயே வச்சுக்கலாம்" என்றான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஓய்வுக்குப் பிறகு நானும் கொஞ்சம் பைத்தான் பழகியிருப்பதால், இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

டிசிபி இணைப்பில் பைட்டுகள் குழாய்த் தண்ணீர் மாதிரி வரிசையாக வரும். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. அதனால் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி அனுப்புவது வழக்கம். பையன் அந்த இடத்தில் 5 என்று எழுதியிருந்தான். போனதோ 15. வாங்கும் பக்கம் 5 பைட்டை எடுத்துக்கொண்டது: 'த'வுக்கு 3, 'ம'வில் பாதியும் இல்லாமல் முழுதும் இல்லாமல் 2. மிச்சத்தில் முதல் 4 பைட்டை அடுத்த செய்தியின் நீளம் என்று படித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: சுமார் 293 கோடி! அத்தனை பைட் வரட்டும் என்று அந்தப் புரோகிராம் காத்துக் கிடந்தது.

முதலில் பைட்டாக மாற்று, பிறகு நீளத்தை எண்ணு. இவ்வளவுதான் திருத்தம். தமிழ் முழுசாக வந்தது.

கூடவே மூன்று விஷயம் சொன்னேன். 15 பைட் கேட்டால் ஒரே தடவையில் 15 வரும் என்று நம்பாதே. 6 வரலாம், மீதி 9 வரும்வரை திரும்பத் திரும்பக் கேள். வெறுமையாக வந்தால் எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டது, நிறுத்து. எதிராளி சொல்லும் நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வை. 2014-இல் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை, எதிராளி சொன்ன நீளத்தை ஓபன்எஸ்எஸ்எல் சரிபார்க்காமல் நம்பியதால் வந்தது. கொஞ்சம் அனுப்பிவிட்டு 64 கேபி வரை என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்துக் கொடுத்தது.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அங்கே இந்தத் தப்பு வெளியே தெரியாது. தமிழில் உடனே தெரிந்துவிடும். வீட்டில் கோடிங் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், முதல் சோதனைச் செய்தியைத் தமிழிலேயே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.