நான் 'மாஹோ'வான கதை

மாட்ரிட்டில் லாவபியெஸ் என்று ஒரு பழைய பேட்டை. தெருவெல்லாம் ஏற்றம் இறக்கம். அங்கே நாலாவது மாடியில் (லிஃப்டா? மூச்!) எனக்கு ஓர் அறை கிடைத்தது. "ஒரு வாரம் இரு. பிடிச்சா மூணு மாசம் பார்க்கலாம்" என்றாள் வீட்டுக்கார அம்மாள். யாருக்குப் பிடித்தால் என்று சொல்லவில்லை. முதல் நாளே நான் குளியலறையைத் தெப்பக்குளம் ஆக்கியிருந்தேன்.

ஆறாம் நாள் ராத்திரி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். 'இந்தியப் பையன்' வரைக்கும் புரிந்தது. அப்புறம், "மூய் மாஹோ!" 'மூய்' என்றால் 'ரொம்ப'. சரி, ரொம்ப என்னவாம்? அந்த 'ஹோ'வைத் தொண்டையிலிருந்து காறிச் சொன்ன விதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேறு அறைக்கு ஆகும் வாடகையை மனசுக்குள் கணக்குப் போட்டேன். தூக்கம் போச்சு.

காலையில் குவெஸ்டா டி மோயானோ பழைய புத்தகக் கடைகளுக்கு ஓடி, ஒரு கிழட்டு அகராதியைப் புரட்டினேன். மாஹோ: 18-ம் நூற்றாண்டில் மாட்ரிட்டின் ஏழைப் பேட்டைகளில் பகட்டாக உடுத்தி, வாய்த்துடுக்கோடு மார்தட்டித் திரிந்தவன். லாவபியெஸ் அவர்கள் கோட்டையாம்! ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1766-ல் எஸ்கிலாச்சே என்ற மந்திரி, நீள அங்கியும் அகலத் தொப்பியும் கூடாது என்று சட்டம் போட, ஊரே கலகத்தில் இறங்கியது. தொப்பி தப்பித்தது, மந்திரி நாட்டைவிட்டே போனார்.

பக்கத்திலேயே பிராதோ மியூசியம். கோயா வரைந்த இரண்டு 'மாஹா'க்கள் அங்கே இருக்கிறார்கள். ('மாஹா' பெண்பால்.) ஒரே பெண், ஒரே மாதிரி சாய்வு. ஒன்றில் உடை உண்டு, மற்றதில் பொட்டுத் துணி கிடையாது. அதற்காக 1815-ல் மத விசாரணை மன்றம் கோயாவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. எனக்கு வேர்த்துவிட்டது. நான் குளித்துவிட்டுத் துண்டோடுதானே வந்தேன்?

திரும்பும் வழியில் வெங்காயம் வாங்கிய பங்களாதேஷ்காரர் கடையில் கேட்டே விட்டேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதெல்லாம் அந்தக் காலம், தம்பி. இப்போ மாஹோன்னா பழகறதுக்கு நல்ல பையன்னு அர்த்தம். எனக்கு அந்தப் பேரு கிடைக்க ரெண்டு வருஷமாச்சு!"

சில்லறையை எண்ணிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. பொண்ணு எப்படின்னு கேட்டு, 'மூய் மாஹா'ன்னு மட்டும் பதில் வந்தா, மேல கேக்காதீங்க. அழகுன்னா 'குவாப்பா'ன்னு சொல்லியிருப்பாங்களே!"

நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். கதவைத் திறந்தவளிடம், "நீங்களும் மூய் மாஹோ!" என்றேன்.

"மாஹா! மாஹா!" என்று திருத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கூடவே, குளியலறையைத் துடைக்க ஒரு மாப்பையும்.